பஸ்ஸில் புகை இல்லை... அந்தப் புகை எங்கே போச்சு?

போன வாரம் ஒரு வேலையாக வியாசர்பாடி பக்கம் போயிருந்தேன். பெரம்பூரில் வீடு என்பதால் எனக்கு அது பக்கத்து ஊர் மாதிரி. திரும்பி வர ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் காலி பூக்கூடையோடு ஒரு ஆயா. பஸ் வந்து நின்றது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. உறுமல் இல்லை, பின்னாலிருந்து கருப்பாக எதுவும் கிளம்பவில்லை. கதவு திறக்கிற சத்தம் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தோம்.

"இன்னாப்பா, வண்டி ஆஃப் ஆயிடுச்சா?" என்றார் ஆயா.

"ஓடிட்டுத்தான் இருக்கு ஆயா. கரன்ட் பஸ்ஸு. ஏறு ஏறு" என்றார் கண்டக்டர்.

ஆயா ஏறினார். அதைத்தான் நான் கவனித்தேன். பழைய பஸ்ஸில் ஏறும்போது கம்பியைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கி வைத்து, முழங்காலில் கை ஊன்றி, பின்னால் நிற்பவர் யாராவது முதுகில் கை கொடுத்துத் தள்ளி... இது எதுவும் இல்லை. நடைபாதையிலிருந்து திண்ணையில் கால் வைப்பது மாதிரி ஏறிவிட்டார். கூடையை மடியில் வைத்துக்கொண்டு, "முட்டி வலிக்கலையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சுற்றுச்சூழல், கார்பன், பசுமை நகரம் என்று டெஸ்க்கில் நாங்கள் எத்தனையோ தலைப்பு போட்டிருப்போம். அந்த ஆயாவுக்கு அதெல்லாம் கணக்கே இல்லை. படி தாழ்வாக இருந்தது. அவ்வளவுதான். இந்த வாரம் அந்த பஸ்ஸைப் பற்றித்தான் பேசப் போகிறோம் மக்களே.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 2025 ஜூன் 30-ஆம் தேதி வியாசர்பாடி டிப்போவிலிருந்து 120 மின்சார பஸ்களை முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். எல்லாம் தாழ்தள பஸ்கள், ஏசி இல்லாதவை. ஒருமுறை சார்ஜ் செய்தால் 200 கிலோமீட்டர் வரை ஓடும் என்கிறார்கள். சுமார் 208 கோடி ரூபாய் திட்டம். முதல் கட்டமாக மொத்தம் 625 பஸ்கள், ஐந்து டிப்போக்கள்: வியாசர்பாடி, பெரும்பாக்கம், சென்ட்ரல், பூந்தமல்லி, தண்டையார்பேட்டை. பஸ்ஸை ஓட்டுவதும் பராமரிப்பதும் தனியார் நிறுவனம்; கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று மாநகர் போக்குவரத்துக் கழகம் பணம் கொடுக்கும். கண்டக்டர் மட்டும் கழகத்து ஆள். 'இது தனியார்மயத்துக்கு வைத்த முதல் படி' என்று தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன. அது தனியாக ஒரு வாரம் எழுத வேண்டிய சங்கதி.

ஒரு நல்ல விஷயம். இந்த மாதிரிப் புது வண்டி என்றால் பொதுவாக மவுன்ட் ரோட்டிலும் ஓஎம்ஆரிலும்தான் முதலில் பார்ப்போம். இந்தத் தடவை முதல் டிப்போ எங்கள் வடசென்னைக்கு வந்தது. எங்கள் பக்கத்து ஆட்கள் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக் கொண்டோம். பொய் சொல்வானேன்.

அந்தச் சந்தோஷத்தில் எண்ணூரில் இருக்கும் சித்திக்கு போன் போட்டு பஸ் கதையைச் சொன்னேன். புகையே இல்லை, சத்தமே இல்லை என்று அடுக்கிக்கொண்டே போனேன். சித்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன்டி, அந்த பஸ்ஸுக்கு கரன்ட் எங்கேருந்து வருது?"

எனக்குப் பதில் தெரியும். சித்திக்கும் தெரியும். அதனால்தான் கேட்டார்.

எண்ணூர்க் கணக்கு

வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்கள் சேர்ந்து 1,830 மெகாவாட். பக்கத்திலேயே வல்லூரில் 1,500 மெகாவாட். 2024 மார்ச்சில் வடசென்னையின் மூன்றாம் கட்டம் 800 மெகாவாட் தொடங்கப்பட்டது. கூட்டினால் 4,130 மெகாவாட், அத்தனையும் நிலக்கரி. 1970-களிலிருந்து ஓடிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டுவிட்டதால் அதைச் சேர்க்கவில்லை. 2001-ல் செயல்பாட்டுக்கு வந்த எண்ணூர் துறைமுகமே, இப்போது காமராஜர் துறைமுகம், முதலில் இந்த நிலக்கரியை இறக்குவதற்காகத் திட்டமிடப்பட்டதுதான். எரித்த கரியின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் சேர்ந்தது பற்றி பசுமைத் தீர்ப்பாயம் விசாரித்து உத்தரவுகள் போட்டிருக்கிறது.

'சரி, அதனால் டீசல் பஸ்ஸே மேல்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டீசல் மட்டும் ஆகாயத்திலிருந்தா விழுகிறது? எங்கள் பக்கத்து மணலியில் 1969-லிருந்து எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்து மணலியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியதும், மீனவர்கள் கையால் அள்ளி அள்ளி பீப்பாயில் ஊற்றிய காட்சியும் நினைவிருக்கும். அந்த வீடியோக்களுக்குத் தலைப்பு போட்டுக்கொண்டே இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆக, பஸ் டீசலில் ஓடினாலும் மின்சாரத்தில் ஓடினாலும் அதற்கான அடுப்பு எரிவது வடசென்னையில்தான்.

சித்தியின் கேள்விக்கு மரியாதை கொடுத்து உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். தோராயக் கணக்குதான், ஆனால் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வரும். நகர நெரிசலில் ஒரு பஸ் லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு 600 கிராம். மின்சார பஸ்ஸுக்கு, ஏசி இல்லாத பெரிய பஸ் என்றால், கிலோமீட்டருக்குக் கூடக்குறைய ஒரு யூனிட் ஆகும். இந்தியாவின் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட் மின்சாரம் தயாராகும்போது சராசரியாக 700 கிராமுக்குச் சற்று மேல் கார்பன் டை ஆக்ஸைடு வெளியாகிறது. அப்படியென்றால் மின்சார பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 700 கிராம்!

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். டீசலைத் தோண்டி எடுத்து, கப்பலில் கொண்டு வந்து, சுத்திகரித்து, லாரியில் ஏற்றி வருகிற புகையையும் சேர்த்தால் இரண்டும் ஏறக்குறைய சமமாகிவிடும். ஆனால் 'ஜீரோ கார்பன்' என்று பஸ்ஸின் முதுகில் எழுதினால் அது உண்மையில்லை. இன்றைய தேதிக்கு.

அந்த 'இன்றைய தேதிக்கு' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இன்று வாங்கிய டீசல் பஸ் பத்து வருடம் கழித்தும் டீசலைத்தான் குடிக்கும். வயசாக ஆக இன்னும் அதிகமாகவே குடிக்கும். மின்சார பஸ் அப்படியில்லை. பத்து கால்வாய்த் தண்ணீர் சேரும் ஏரி மாதிரிதான் மின்கட்டமைப்பு; எந்தக் குடத்தில் எந்தக் கால்வாய்த் தண்ணீர் என்று பிரிக்க முடியாது. கால்வாய்கள் சுத்தமாக ஆக, குடத்தில் இருப்பதும் தானாகச் சுத்தமாகும். தமிழ்நாட்டில் காற்றாலைகளின் திறன் மட்டுமே 10,000 மெகாவாட்டைத் தாண்டியது. ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழியிலும் முப்பந்தலிலும் சுற்றுகிற றெக்கைகள் வியாசர்பாடி பஸ்ஸையும் கொஞ்சம் தள்ளுகின்றன.

இன்னொன்று, புகை எங்கே வருகிறது என்பதும் முக்கியம். ஸ்கூல் விட்டு வரும் பிள்ளைகளின் மூக்குக்கு நேராக வருகிற புகையும், உயரமான சிம்னியிலிருந்து வருகிற புகையும் நுரையீரலுக்கு ஒன்றல்ல. பெரம்பூர்க்காரியாக எனக்கு இது லாபம். எண்ணூர்க்காரியான சித்திக்கு இல்லை. இதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

இங்கே ஒரு சின்ன யோசனை. பஸ்கள் பெரும்பாலும் ராத்திரி டிப்போவுக்கு வந்த பிறகுதான் முழுசாக சார்ஜ் ஆகும். ராத்திரியில் சூரியன் கிடையாது, அதனால் கரியின் பங்கு அதிகம். காலை நெரிசல் முடிந்து பதினோரு மணியிலிருந்து மூன்று மணி வரை ரோட்டில் கூட்டம் குறைவு. சூரிய மின்சாரம் கொழிப்பதும் அந்த நேரத்தில்தான். பஸ்களை முறைபோட்டு அந்த நேரத்தில் சார்ஜுக்கு அனுப்பினால், ஒரு புது பஸ் கூட வாங்காமல் கார்பன் குறையும். டைம்டேபிள் போடுகிறவர் கையில் இருக்கிற விஷயம் இது.

ஆயிரம் ரூபாய் கேள்வி

கணக்கை அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் பஸ்ஸை மட்டும் பார்த்தேனே, உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆட்களை எண்ணவில்லையே என்று தோன்றியது.

700 கிராம் வெளியிடும் பஸ்ஸில் 50 பேர் இருந்தால் ஆளுக்கு 14 கிராம். டீசல் பஸ்ஸாக இருந்தால் 12 கிராம். ஒரு ஆள் மட்டும் போகும் ஸ்கூட்டர், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தாலும், கிலோமீட்டருக்கு 50 கிராம். ஒரு ஆள் மட்டும் போகும் கார் 150 கிராம் தாராளமாக.

பார்த்தீர்களா? மின்சார பஸ்ஸா டீசல் பஸ்ஸா என்பதில் இருக்கும் வித்தியாசம் இரண்டு கிராம். பஸ்ஸா ஸ்கூட்டரா என்பதில் இருக்கும் வித்தியாசம் நான்கு மடங்கு! நாம் எல்லாரும் என்ஜினைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் கேட்க வேண்டியது, பஸ்ஸில் இருப்பவர் பஸ்ஸிலேயே இருப்பாரா என்பதைத்தான்.

இதை எழுதுகிற எனக்கு அதைக் கேட்கத் தகுதி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் போன வருடம் தவணையில் ஒரு ஸ்கூட்டர் வாங்கினேன். பெட்ரோல் வண்டிதான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. எனக்குப் பயணம் இலவசம். இலவசமாகக் கிடைப்பதை விட்டுவிட்டு மாதத் தவணையும் பெட்ரோலும் ஏன்? எனக்கு இரவு ஷிஃப்ட். பத்தரை மணிக்கு வேலை முடிந்தால் இரண்டு வண்டி மாறி, கடைசியில் பத்து நிமிடம் இருட்டில் நடக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடம் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் பிடிக்கவில்லை.

அம்மா மட்டும் இன்னும் பஸ்தான். அவர் காலை பத்து மணிக்குப் போய் சாயங்காலம் வருகிறவர். 'விடியல் பயணம்' அவருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது. அந்த ஆயிரத்தை அவர் எனக்காகச் சீட்டு கட்டினார். அந்தச் சீட்டுப் பணம்தான் என் ஸ்கூட்டரின் முன்பணம். சிரிக்காதீர்கள். பஸ்ஸில் மிச்சம் பிடித்த காசு ஸ்கூட்டராக மாறுகிற வீடு எங்கள் வீடு மட்டுமில்லை என்று நினைக்கிறேன்.

ஒரு கோடிப் பேருக்கு மேல் வாழும் பெருநகரம் இது. லட்சம் பேருக்கு 40 முதல் 60 பஸ் வரை வேண்டும் என்பது நகரப் போக்குவரத்தில் சொல்லும் அளவு. அப்படிப் பார்த்தால் 4,000-லிருந்து 6,000 பஸ் வரை வேண்டும். இருப்பது மூவாயிரத்துச் சொச்சம். அதில்தான் தினமும் 30 லட்சம் முறைக்கு மேல் மக்கள் ஏறி இறங்குகிறார்கள். சீனாவின் ஷென்ஜென் நகரம் 2017 முடிவதற்குள் தன்னுடைய 16,000-க்கும் மேற்பட்ட பஸ்களையும் மின்சாரமாக மாற்றியது என்று எல்லாரும் வியந்து எழுதுகிறார்கள். அதில் என் கண்ணை உறுத்துவது மின்சாரம் இல்லை, பதினாறாயிரம் என்ற எண்.

பழைய பஸ்ஸைக் கழித்துவிட்டு அந்த இடத்தில் மின்சார பஸ்ஸை நிறுத்தினால் எண்ணிக்கை அப்படியே இருக்கும். ஸ்டாப்பில் காத்திருக்கும் நேரமும் அப்படியே இருக்கும். நகரத்துக்கு வேண்டியது கூடுதல் பஸ்.

மூன்று ஸ்டேஷன் ஊர்

பெரம்பூரைப் பற்றி ஒரு பெருமை சொல்லட்டுமா? எங்கள் ஊர் பெயரில் மூன்று ரயில் நிலையங்கள் இருக்கின்றன. பெரம்பூர், பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ். புதிதாக வருகிறவர்கள் தப்பான ஸ்டேஷனில் இறங்கி முழிப்பது எங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. 1856-ல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய அதே காலத்தில் இங்கே ரயில் பட்டறை வந்தது. 1955-ல் ஐ.சி.எஃப். வந்தது. வந்தே பாரத் ரயில் பிறந்ததும் இங்கேதான், 2018-ல். ஹைட்ரஜனில் ஓடும் முதல் ரயில் பெட்டியை 2025 ஜூலையில் சோதித்துப் பார்த்ததும் இங்கேதான். நாடு முழுக்கக் குறைந்த கார்பனில் பயணம் செய்ய வண்டி செய்து அனுப்புகிற ஊர் இது.

அந்த வண்டிகளைச் செய்தவர்கள் வேலைக்கு எப்படிப் போனார்கள் தெரியுமா? சைக்கிளில். தாத்தா சொல்வார், சங்கு ஊதினால் கேட் திறந்து சைக்கிள்கள் ஆற்று வெள்ளம் மாதிரி வரும். ஐந்து நிமிடம் ரோட்டை யாரும் குறுக்கே கடக்க முடியாது என்று.

அதற்கும் முன்னால் பின்னி மில். 1876-ல் பக்கிங்காம் மில், 1881-ல் கர்நாடிக் மில். 1918-ல் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது இந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான். வாடியா, திரு.வி.க. எல்லாம் பேசிய மண். அந்தத் தொழிலாளர்கள் புளியந்தோப்பிலும் பட்டாளத்திலும் ஓட்டேரியிலும் குடியிருந்தார்கள். மில்லுக்கு நடந்து போனார்கள். மத்தியானச் சாப்பாடு வீட்டிலிருந்து சூடாக வரும் தூரம்.

பாரிஸ் நகரத்தில் 'பதினைந்து நிமிட நகரம்' என்று ஒரு திட்டத்தை மேயர் ஆன் இதால்கோ முன்வைத்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. வேலை, கடை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் வீட்டிலிருந்து பதினைந்து நிமிடத்தில், நடந்தோ சைக்கிளிலோ. படித்துவிட்டுத் தாத்தாவிடம் சொன்னேன். "இதுல இன்னாம்மா புதுசு?" என்றார். மார்க்கெட், லூர்து மாதா கோயில், ரயில்வே ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மில்லு, பட்டறை. எல்லாம் பதினைந்து நிமிடம்தான். யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. (மில் வாழ்க்கை சொர்க்கம் என்று சொல்லவில்லை. சம்பளத்துக்கும் மரியாதைக்கும் அடிபட்டு, துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்களும் உண்டு. தூரத்தைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேன்.)

1996-ல் மில் மூடப்பட்டது. அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிகள் வானத்தைத் தொடுகின்றன. வீட்டோடு கார் பார்க்கிங்கும் சேர்த்துத்தான் விளம்பரம். வேலையோ ஓஎம்ஆருக்கும் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போய்விட்டது. என் தலைமுறையில் எங்கள் தெருவில் நடந்து வேலைக்குப் போகிறவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இவர்களுக்கு எந்த பஸ் கொடுத்தால் தாத்தாவின் சைக்கிளுக்கு ஈடாகும்?

வேலை தூரம் போனது ஒரு பக்கம். ஆட்களையே தூரம் அனுப்பியது இன்னொரு பக்கம். கூவம் கரையிலும் மற்ற இடங்களிலும் குடிசைகளில் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். வேலை பழைய இடத்திலேயே இருந்தது. வீட்டு வேலைக்கும் மார்க்கெட்டுக்கும் சுமை தூக்கவும் விடியற்காலையில் பஸ் ஏறி நகரத்துக்குள் வந்து, இருட்டியபின் திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில். 2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி இரண்டாவது மின்சார பஸ் டிப்போ திறக்கப்பட்டது எங்கே தெரியுமா? அதே பெரும்பாக்கத்தில். 135 பஸ்கள். அவர்களுக்கு அது வேண்டியதுதான், வரவேற்கிறேன். ஆனால் முதலில் ஆளை முப்பது கிலோமீட்டர் தள்ளி வைத்துவிட்டு, பிறகு புகையில்லாத பஸ் விட்டு அழைத்து வருவதைப் பசுமை நகரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நகரத்தை வடிவமைப்பது என்றால் வீட்டையும் வேலையையும் எங்கே வைக்கிறோம் என்பதுதான் பாதிக்கு மேல். பஸ் அதற்கு அப்புறம்.

பக்கிங்காம் கால்வாயைப் பற்றியும் ஒரு வரி. சென்னையிலிருந்து எண்ணூர் வரை 1806-ல் வெட்டப்பட்ட கால்வாய் அது. பிறகு ஆந்திரா வரை நீண்டது. உப்பும் விறகும் படகில் வந்தன. டீசலும் இல்லை, கரியும் இல்லை, காற்றும் கையில் பிடித்த கழியும்தான். 1960-களின் புயல்களுக்குப் பிறகு அது படகுகளுக்கே இல்லாமல் போனது. இப்போது அதன் பக்கத்தில் போனால் கர்ச்சீப் எடுக்கிறோம். அதே மாதிரிதான் டிராமும். இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் 1895-ல் ஓடியது நம் சென்னையில். 1953 ஏப்ரலில் நஷ்டம் என்று நிறுத்திவிட்டோம். மின்சார வண்டி நமக்குப் புதுசு இல்லை. ஒருமுறை கையில் இருந்ததைத் தொலைத்துவிட்டு இப்போது காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம்.

தரைக்கு அடியில்

பெரம்பூரில் இப்போது யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சு மெட்ரோதான். இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகும் வழித்தடம் எங்கள் தலைக்கு அடியில் போகிறது. மூலக்கடை, செம்பியம், பெரம்பூர், அயனாவரம், ஓட்டேரி, பட்டாளம், புரசைவாக்கம் என்று எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்கள் அத்தனையும் வரிசையாக வருகின்றன. இரண்டாம் கட்டம் மொத்தம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். சுரங்கம் தோண்டும் எந்திரங்களுக்கு நீலகிரி, ஆனைமலை என்று மலைகளின் பெயர். மலையின் பெயர் வைத்த எந்திரம் எங்கள் தரையைக் குடைகிறது என்பதில் யாரோ ஒரு அதிகாரிக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

மெட்ரோ வந்தால் நான் ஸ்கூட்டரை விடுவேனா? யோசித்துப் பார்த்தேன். ரயிலைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஸ்டேஷன் படி ஏறி வெளியே வந்த பிறகு வீடு வரைக்குமான அரை கிலோமீட்டரைப் பற்றித்தான் கவலை. நடைபாதை இருக்குமா, விளக்கு எரியுமா, மழைக்காலத்தில் கணுக்கால் அளவா முழங்கால் அளவா? பெரம்பூர் வட்டாரத்தில் தண்டவாளத்தைக் கடக்க சுரங்கப்பாதைகள்தான். மழை பெய்தால் முதலில் நிரம்புவதும் அவைதான். டிவியில் 'கணேசபுரம் சுரங்கப்பாதை மூடல்' என்று ஓடாத மழைக்காலம் எனக்கு நினைவில்லை. சுரங்கப்பாதை மூடினால் பஸ் சுற்றிக்கொண்டு போகிறது, நடந்து போகிறவர் தண்டவாளத்தைத் தாண்டுகிறார்.

நம்ப மாட்டீர்கள், இதற்கும் கொள்கை இருக்கிறது. 2014-லேயே சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் முதல் நகரம் நாம்தான். போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 சதவிகிதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று அதில் எழுதியிருக்கிறது. பாண்டி பஜாரில் 2019-ல் அழகான நடைபாதை வளாகம் வந்தது. எங்கள் வீட்டிலிருந்து அங்கே போய் நடந்து பார்த்துவிட்டு வந்தோம். போனது ஆட்டோவில்.

2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' என்ற செயலி வந்தது. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட். டவுன்லோடு செய்து வைத்திருக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. டிக்கெட்டை ஒன்று சேர்த்தவர்கள் ஸ்டாப்புகளையும் ஒன்று சேர்த்தால் கும்பிடு போடுவேன். பெரம்பூர் ரயில் நிலையம், வரப்போகும் மெட்ரோ, பஸ் ஸ்டாண்ட் மூன்றும் எட்டிப் பிடிக்கிற தூரம். பெசன்ட் நகருக்கு 29சி பிடிக்கிறவரும், அரக்கோணம் லோக்கல் பிடிக்கிறவரும், மாதவரம் மெட்ரோ பிடிக்கிறவரும் நனையாமல், ரோட்டைக் கடக்க உயிரைக் கையில் பிடிக்காமல், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற முடிந்தால் போதும். மெட்ரோவுக்காக ரோட்டை எப்படியும் தோண்டியாகிவிட்டது. மூடும்போது யோசித்து மூடலாம். நடைபாதைக்கு இடம் விட இதைவிட நல்ல சந்தர்ப்பம் இன்னொரு ஐம்பது வருடத்துக்கு வராது.

2050-க்குள் நிகர பூஜ்ய கார்பன் நகரம் ஆவது என்று 2023-ல் வெளியிட்ட காலநிலைச் செயல்திட்டத்தில் சென்னை சொல்லியிருக்கிறது. 2050-ல் எனக்கு ஐம்பது வயசு ஆகியிருக்கும். முட்டி எப்படி இருக்குமோ தெரியாது. தாழ்தள பஸ் அப்போதும் இருக்க வேண்டும்.

இதை எழுதி முடித்துவிட்டு நேற்று சித்திக்கு மறுபடி போன் செய்தேன். கணக்கு போட்டதைச் சொன்னேன். டீசலும் கரன்ட்டும் இன்றைக்கு ஏறக்குறைய சமம்தான், ஆனால் காற்றாலையும் சோலாரும் கூடக் கூட பஸ்ஸும் சுத்தமாகும், உங்கள் பக்கத்துச் சிம்னி குறைந்தால்தான் எங்கள் பஸ் உண்மையிலேயே நல்ல பஸ் என்றேன்.

"அப்போ குறைக்கச் சொல்லி எழுது" என்றார்.

எழுதிவிட்டேன் சித்தி.

"சரி, தண்டையார்பேட்டை டிப்போன்னு சொன்னியே, அங்கேருந்து அந்தத் தாழ்வான பஸ்ஸு எங்க பக்கம் வருமா? வந்தா எந்த நம்பர்னு மட்டும் சொல்லு. எனக்கும் முட்டி வலிதான்."